நூற்பாலைக் கேட்டில் அங்காளம்மாள்

ராசிபுரத்துக்கு மேற்கே நூற்பாலை கட்டிய மூன்று வருடமும் நான் அங்கே சூப்பர்வைசர். பெயர் கைலாசம். எழுபத்தெட்டில் அந்த இடத்தில் என்னைவிட அதிகாரம் உள்ளவள் ஒருத்தி இருந்தாள் என்றால், அது கேட்டில் நின்ற அங்காளம்மாள்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமைதான்.

அவள் சித்தாளாக வந்தவள். வேலையாட்களுக்குத் தலைக்கவசம் கொடுத்திருந்தோம். மஞ்சள் தொப்பி என்போம். பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஒருநாள் அவள் தங்கை சின்னாயி தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு அக்காவைத் தேடி உள்ளே வந்தாள். மேலே சென்ட்ரிங் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பலகை ஒன்று நழுவி அவள் தலையில் விழுந்தது. உயிர் பிழைத்தாள்; ஆனால் இடது காது போனது போனதுதான்.

மறுநாள் அங்காளம்மாள் இஞ்சினியர் முன்னால் போய் நின்றாள். "வேல செய்யறவன் தலைக்குத் தொப்பி இருக்குதுங்க. பாக்க வாரவங்க தலை மட்டும் கருங்கல்லுங்களா?" என்று கேட்டாள். அவர் அன்றைக்கே இன்னும் பன்னிரண்டு தொப்பி வாங்கி, அவளையே கேட்டில் நிறுத்தினார். தொப்பி இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு.

அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. பட்டுக்காரர், நெய்க்காரர், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் என்று ஊரே வேடிக்கை பார்க்க வரும். பூமிபூஜை போட்ட இடமாயிற்றே என்று பாதிப்பேர் செருப்பைக் கேட்டிலேயே கழற்றிவிடுவார்கள். "இது கோயலில்லைங்க, உள்ள பூராம் ஆணி" என்று திரும்ப மாட்டவைப்பாள். வழுக்கையோ கொண்டையோ, தொப்பி வாரை இழுத்துப் பார்க்காமல் விடமாட்டாள். கேட்டில் நிற்பவள் தலையில் காக்காய் எச்சத்தைத் தவிர ஒன்றும் விழாது. ஆனாலும் அவளும் தொப்பியோடுதான் நிற்பாள். "மகாராணிக்குக் கிரீடமா?" என்று கேலி செய்வேன். காதிலேயே வாங்கமாட்டாள். பிறகு பார்க்க வந்த ஒருத்தர் தலையிலும் ஒரு கீறல் விழவில்லை.

ஆவணியில் ஒருநாள் செங்கோட்டையன் வந்தார். ஆலைக்கு நிலம் கொடுத்தவர். தலையில் உருமால், கையில் செம்பு. அந்த நிலத்தில் அவர் அப்பா வெட்டிய கிணற்றை அன்றைக்கு மூடுகிறோம் என்று கேள்விப்பட்டு, கடைசியாக ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துப்போக வந்திருந்தார். அங்காளம்மாள் அவர் தோட்டத்தில் பத்து வருடம் களை எடுத்தவள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை யாராவது எட்டி நின்று ஊற்ற, கையேந்திக் குடித்தவள்.

பன்னிரண்டு தொப்பியும் சேலத்திலிருந்து வந்த பாங்கு அதிகாரிகளோடு உள்ளே போயிருந்தன.

"தொப்பி இல்லீங்க சாமி. அவங்க வரட்டும், தாரேன்."

"என்ற பூமிக்குள்ள போக எனக்குத் தொப்பியா? கேட்டத் தொற அங்காளு."

"போற வழியெல்லாம் மேல வேல நடக்குதுங்க. உட முடியாதுங்க."

நான் ஓடினேன். நிலம் கொடுத்தவரை வெயிலில் நிறுத்தினால் முதலாளி என் தோலை உரித்துவிடுவார். "தொறந்து உடு, நாஞ் சொல்றேன்" என்றேன்.

"அப்ப அவரு தலைக்கு நாந்தான் பொறுப்புன்னு எழுதிக் குடுங்க சார். இல்லீன்னா என்னைய வேலைய உட்டு நிறுத்திப்போட்டு நீங்களே தொறங்க."

எழுதிக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளை நிறுத்தவும் மனம் வரவில்லை.

உள்ளே முதல் லாரி மண் கொட்டுகிற சத்தம் கேட்டது. நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினேன்; ஆனால் மண் கான்ட்ராக்டர் என் பேச்சை மதிக்கிற ஆளில்லை. பெரியவர் முகம் செத்துப்போனது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"அப்ப உன்றதக் குடு" என்றார்.

அவளே திடுக்கிட்டுப் போனாள். தொப்பியைக் கழற்றினாள். உள்பக்கமெல்லாம் எண்ணெயும் வேர்வையும். முந்தானையால் துடைக்கப் போனாள்.

"தொடைக்கறதுக்கு நேரமில்ல. குடு அம்மணி."

உருமாலை அவரே அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்தத் தலையை வெறுந்தலையாக நான் பார்த்தது அன்றைக்குத்தான். தொப்பியை வைத்தார், வாரை மாட்டத் தெரியவில்லை. அங்காளம்மாள் கை நீட்டி, அவர் தாடைக்குக் கீழே மாட்டி, வழக்கம்போல இழுத்துப் பார்த்தாள். அவர் அசையாமல் நின்றார்.

கேட்டைத் திறந்தாள். அவர் செம்போடு உள்ளே போனார். அவள் வெளியே நடந்து ரோட்டில் போய் நின்றுகொண்டாள்.

"நீ எங்க போற?" என்றேன்.

"எந்தலையில தொப்பி இல்லீங்களே சார்" என்றாள். "கேட்டச் சாத்திக்கங்க."