பிள்ளையாருக்கு நான் கொடுத்த எதிர் விண்ணப்பம்

அடியார்களே, எனக்கு வயது எண்பத்தாறு. இதைச் சொன்னவுடன் சிலர் முகத்தில் ஓர் இரக்கம் வரும். தயவுசெய்து அதை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். பிள்ளையார் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஆவணிச் சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்பு, கொழும்பு வெள்ளவத்தையில் என் மூன்றாம் மாடி வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது. பக்கத்து வீட்டு வசந்தி என் சத்தம் கேட்டு ஓடி வந்திராவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். எலும்புக்கு இரும்பு வைத்துத் தைத்து, இரண்டு கிழமை கழித்துச் சக்கர நாற்காலியில் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள மல்லிகா வந்தாள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பின் வடக்கே மட்டக்குளியில் குடியிருப்பவள். ஞாயிறு மட்டும் தன் வீட்டுக்குப் போய் வருவாள்.

வலியைத் தாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமையைத்தான் தாங்க முடியவில்லை.

நான் அரச அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் கிளாக்கராக இருந்தவள். சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்று சொன்ன காலம் அது. கோபத்தோடு படித்தேன், நன்றாகவே படித்தேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சிங்களத்தை எங்கள் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் மண்டபத்தின் இடது மூலையில் ஒரு மேசை போட்டு உட்காருவேன். சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசிக்கத் தெரியாதவர்கள், அடையாள அட்டையில் பெயர் பிழைத்தவர்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அலைபவர்கள் எல்லோரும் வருவார்கள். படிவம் நிரப்பிக் கொடுப்பேன். “கிளாக்கர் அம்மா” என்றுதான் அங்கே என் பெயர். இருபத்தைந்து வருடத்தில் நான் தவறவிட்ட வெள்ளிக்கிழமைகளை விரல்விட்டு எண்ணலாம்.

விழுந்த பிறகு எல்லாம் நின்றுபோனது. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். “இனி ஏன் இருக்கிறேன்?” என்று அழுததும் உண்டு. மறைக்க மாட்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் என் மகன் டொரொண்டோவிலிருந்து வீடியோவில் வந்தான். மெல்பேர்னிலிருந்து மகளும் சேர்ந்துகொண்டாள்.

“அம்மா, இனித் தனிய இருக்கேலாது. கொழும்புக்கு வெளியில ஒரு நல்ல முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கிறன். மார்கழியில வந்து எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திறன்,” என்றான்.

“என்னை ஆரும் கேட்டவையே?” என்றேன்.

“உங்கட நன்மைக்குத்தானே அம்மா,” என்றாள் மகள். நன்மை என்ற சொல்லை வைத்து ஒரு மனுசியின் வாயை எவ்வளவு சுலபமாக அடைத்துவிடலாம், பாருங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வசந்தி கோயிலிலிருந்து விபூதியும் மோதகமும் கொண்டு வந்தாள். என் பெயருக்கும் மக நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை நடந்ததாம்.

“நான் சொல்லேல்லையே. என்னத்துக்குப் பிள்ளை அர்ச்சனை?”

அவள் விழித்தாள். கையில் பிரசாதத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை. “அன்ரி, குறை நினையாதேங்கோ. உங்கட மகள்தான் போன் பண்ணிச் சொன்னவ. அம்மா கஷ்டப்படாமல் போய்ச் சேரோணும் எண்டு…”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. மகள் அன்பில்தான் செய்தாள், அது எனக்குத் தெரியும். ஆனால் உயிரோடு இருக்கிற ஒருத்தியின் பெயரில், அவளைக் கேட்காமலே, அவளை அனுப்பிவைக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார்கள்! முப்பத்துநான்கு வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவள் நான். பிழையான விண்ணப்பம் போய்விட்டதென்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் மோதகத்தைச் சாப்பிட்டேன். விபூதியைப் பூசினேன். பிறகு சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்துச் சொன்னேன். “அப்பனே, அந்த மனுவில் என் கையெழுத்து இல்லை. அது செல்லாது. என் மனு இது. நான் ஆயுள் கேட்கவில்லை. எண்பத்தைந்து வருடம் தந்த உன்னிடம் இன்னும் தா என்று நிற்க எனக்கே வெட்கம். மகன் வருவதற்கு முன் என் மேசைக்குப் போக ஒரு வழி காட்டு. அவ்வளவுதான்.”

மல்லிகா சக்கர நாற்காலியில் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னாள். ஐப்பசி முதல் வெள்ளி, சேலை உடுத்து, பேனாவும் கையுமாகத் தயாராக இருந்தேன். கதவைத் திறந்தால், லிஃப்ட் ஓடவில்லை. ஏதோ ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். மாதக்கணக்கு ஆகுமாம்.

அன்றைக்கு நான் பிள்ளையாரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. “நான் வழி கேட்டேன். நீ இருந்த வழியையும் அடைத்துவிட்டாய். அவ்வளவு பெரிய காது எதற்கு?” என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. சேலையோடு கட்டிலில் விழுந்து அழுதேன்.

பின்னேரம் பிசியோதெரபி செய்யும் பெண் வந்தாள். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, “லிஃப்ட் இல்லாட்டிப் படி இருக்குத்தானே,” என்றாள். பகிடி என்று நினைத்தேன். அவள் டொக்டரோடு கதைத்து அனுமதி வாங்கி வந்தாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முறிந்த பக்கத்துக் கால் முதலில். இதுதான் அவள் சொல்லித்தந்த சூத்திரம்.

என் வாசலிலிருந்து தெருவுக்கு ஐம்பத்திரண்டு படிகள். முதல் நாள் மூன்று படி இறங்கி, மூன்று படி ஏறினேன். உடம்பெல்லாம் வியர்வை. கீழே பார்த்தால் தலை சுற்றியது.

“அம்மா, கீழ பாக்காதீங்க. என் கையப் பாருங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு,” என்பாள் மல்லிகா. அந்த ஒன்று முடிந்ததும் மறுபடி “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்பாள். பெரிய ஏமாற்றுக்காரி.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் பிள்ளையார் விரதம் தொடங்கியது. இருபத்தொரு இழை நூலை வழக்கம்போல இடது கையில் கட்டினேன். பட்டினி கிடக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சரி, சோற்றை விடவில்லை. படியை விரதமாகப் பிடித்தேன். இருபத்தொரு நாளும் ஒரு நாள்கூட விடாமல் ஏறி இறங்கினேன். வலித்த நாளில் இரண்டு படி, வலிக்காத நாளில் ஒரு மாடி. வசந்தி ஒவ்வொரு மாடி முகப்பிலும் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு வைத்தாள். ஒவ்வொரு படியிலும் பிள்ளையாரின் ஒரு பெயரைச் சொன்னேன். பெயர் மறந்தால் “அப்பனே” என்றேன். பதினெட்டாம் நாள் தெருவில் நின்றேன். காலி வீதிப் பஸ் புகை இவ்வளவு வாசமாக இருக்கும் என்று யார் நினைத்தது?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. லிஃப்ட் ஓடியிருந்தால் நான் சக்கர நாற்காலியிலேயே கோயிலுக்குப் போய் வந்திருப்பேன், அதிலேயே மிச்சக் காலமும் இருந்திருப்பேன். பிள்ளையார் என் மனுவை நிராகரிக்கவில்லை. என்னைவிடக் கவனமாக வாசித்திருக்கிறார்.

விரதம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை மகன் வந்து இறங்கும் நாள். நான் வீட்டில் காத்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு படியும் இறங்கி, பொல்லை ஊன்றி, மல்லிகாவோடு கோயிலுக்குப் போய் என் மேசையில் உட்கார்ந்தேன். மூன்று மாதப் படிவம் குவிந்து கிடந்தது.

மகன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியிருக்கிறான். வீடு பூட்டு. நான் போய்விட்டேன் என்றே பயந்து வசந்தி வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டியிருக்கிறான். நான் கோயிலில் என்று அவள் சொன்னதும், வியர்த்து விறுவிறுத்து மண்டபத்துக்குள் ஓடி வந்து, “அம்மா!” என்று கத்தினான்.

நான் தாளிலிருந்து பேனாவை எடுக்காமலே சொன்னேன், “வரிசையில வாங்கோ தம்பி. இவ முதல் வந்தவ.”

நான்கு பேருக்குப் பின்னால் என் மகன் உட்கார்ந்திருந்தான். அவன் முறை வந்ததும், “பையில் இருக்கிற படிவத்தை எடுங்கோ,” என்றேன். தயங்கித் தயங்கி எடுத்தான். முதியோர் இல்ல விண்ணப்பம். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி அடையாளம் போட்டிருந்தான்.

நான் நிரப்பாத படிவம் உண்டா? நிரப்பினேன். “அன்றாட வேலைகளைத் தானே செய்யக்கூடியவரா?” என்று ஒரு கேள்வி. “ஆம். வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்களின் வேலைகளையும் செய்வார்,” என்று எழுதினேன். கையெழுத்துக்கான இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து அவனிடம் கொடுத்தேன்.

வாசித்தான். முதலில் சிரித்தான். பிறகு மேசையில் தலையை வைத்து அழுதான். “படியாலயே வந்தனீங்கள் அம்மா?”

“நீயும் படியாலதானே ஏறினனீ. ஆருக்கு மூச்சு வாங்கினது?”

அந்தப் படிவம் இப்போது என் சுவரில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மகள் அழைத்து அழுதாள். “அழாதை பிள்ளை, இன்னொரு அர்ச்சனை செய்வி, இந்த முறை என்னைக் கேட்டு,” என்றேன். செய்வித்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு மல்லிகாவோடு பஸ் ஏறி, அவள் வீட்டுப் பக்கத்துக் கொட்டாஞ்சேனைக்கும் போய்ப் படிவம் எழுதிக் கொடுக்கிறேன். அங்கே வரிசை இன்னும் நீளம்.

நடக்க முடியாமல் படுக்கையில் இருக்கும் அடியார்களே, உங்களுக்கும் சொல்கிறேன். எல்லோருக்கும் கால் திரும்பி வரும் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் மனுவை நீங்களே உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள். இன்னும் என்ன வேலை மிச்சம் என்று கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டும்போது, நான் திட்டியதுபோலத் திட்டினாலும் பரவாயில்லை, கோபிக்க மாட்டார்.

எழுதத் தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமை வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். லிஃப்ட் திருத்தி ஏழு மாதமாகிறது. நான் இன்னும் அதில் ஏறவில்லை.