சின்சில்லாவுக்குப் பூச்சி மருந்து கொடுத்த கிழமை

எங்கள் சின்சில்லாவின் கழிவில் வெள்ளை நூல் போல ஒன்று நெளிந்ததை முதலில் கண்டது நான்தான். அணிலைவிடப் பெரிய, முயலைவிடச் சிறிய, சாம்பல் நிறப் பிராணி அது. எல்லர்ஸ்லி அலுவலகத்தில் கணவரோடு வேலை செய்த ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது கூட்டோடு எங்களிடம் விட்டுப் போனார். ஆறு வயது மகள் கேட்டாள், கணவர் தலையாட்டினார், பராமரிப்பு என் கைக்கு வந்தது.

கழிவைச் சோதித்த மிருக வைத்தியர், குடற்புழுதான், ஆனால் மனிதருக்குத் தொற்றும் வகையல்ல என்றார். சின்னப் போத்தலில் வெள்ளை மருந்து தந்தார். ஐந்து நாளைக்கு, நாளுக்கு ஒரு தடவை, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரமாக விட வேண்டும். புழுவின் முட்டைகள் கூட்டில் கிடந்தால் திரும்பவும் வயிற்றுக்குள் போய்விடும் என்பதால் கூட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

தொற்றாது என்பதை வீட்டுக்கு வந்து மூன்று இணையத்தளங்களில் சரிபார்த்தேன். நான்காவது தளம், சில வகைகள் தொற்றலாம் என்றது. எதற்கும் இருக்கட்டும் என்று மருந்துக்கடையில் எங்கள் மூன்று பேருக்கும் பூச்சிக் குளிசை வாங்கினேன்.

"எலிக்குப் பூச்சியெண்டா எனக்கேன் குளிசை?" என்றார் கணவர்.

"அது எலியில்லை."

"சரி, அணில். அணிலுக்குப் பூச்சியெண்டா?"

"பிள்ளை அதைக் கொஞ்சுறவள். நீங்கள் பிள்ளையைக் கொஞ்சுறனீங்கள். பேசாமல் போடுங்கோ."

போட்டார்.

சுத்தம் செய்வதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கூட்டுக்குள் விரித்த துணிகளைக் கொதிநீரில் ஊறவைத்துத் தனியாகத் துவைத்தேன். அது புரண்டு குளிக்கும் மணலை முழுவதும் கொட்டி, இரண்டு பைகளில் கட்டிக் குப்பையில் போட்டேன். கடித்துக் குதறிய மரக்கட்டைகளை எறிந்தேன். எறிய முடியாத மரத்தட்டுகளைக் கழுவி, கேக் சுடும் அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன்.

"இனி இதிலை கேக்கும் சுடுவீரோ?" என்று கணவர் எட்டிப் பார்த்தார்.

அடுப்பையும் ஒருமுறை துடைத்தேன். பிறகு துடைத்த துணியில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று அதையும் எறிந்தேன்.

மருந்துதான் பிரச்சினையானது. முதல் நாள், புதன்கிழமை, துவாயில் சுற்றிப் பிடித்து சிரிஞ்சை வைத்தபோது அது தலையை உதறியது. பாதி மருந்து துவாயில். பாதியா, கால்வாசியா? திரும்பக் கொடுத்தால் கூடிவிடும், கொடுக்காவிட்டால் குறைந்துவிடும். துவாயின் ஈரத்தை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் வாழைப்பழம் ஞாபகம் வந்தது. மகளுக்குக் கசப்பு மருந்தெல்லாம் வாழைப்பழத்துக்குள் வைத்துத்தானே கொடுக்கிறேன். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களில் அப்படிக் கொடுக்காத வீடு இருக்குமா தெரியவில்லை.

பழம் கொடுக்கக் கூடாது என்று அதை எங்களிடம் விட்டுப் போனவர் எழுதித் தந்திருந்தார். நானும் வாசித்திருந்தேன். ஆனால் ஒரு நகமளவு என்ன செய்துவிடும்? மகள் கரண்டியால் மசித்துத் தந்தாள். மிச்ச மருந்தை ஒரு உத்தேசமாக அதில் விட்டேன். சின்சில்லா இரண்டு கையாலும் பிடித்து ஆசையோடு தின்றது. வியாழனன்று கொஞ்சம் மிச்சம் வைத்தது. அந்த மிச்சத்தில்தான் மருந்து இருக்குமோ என்று, அதன்மேல் இன்னும் கொஞ்சம் பழம் வைத்துத் தின்னப்பண்ணினேன். வெள்ளிக்கிழமை நகமளவு என்பது விரல் துண்டாகிவிட்டது.

சனிக்கிழமை காலை கூட்டின் அடித்தட்டை இழுத்துப் பார்த்தேன். ஒரு புழுக்கைகூட இல்லை. அவ்வளவு சுத்தம். பூச்சி போய்விட்டது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் அது மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். உலர்புல் வைத்தபடியே கிடந்தது. வயிற்றைத் தொட்டேன். ஊதிக் கல்லாக இருந்தது.

வைத்தியசாலைக்குப் போன் எடுத்தேன். தாதி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியாக, உலர்புல்லும் தீனியும் தவிர வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்றாள்.

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவ்வளவு கவனமாக எல்லாம் செய்தவள், சொன்னதைக் கேட்காதவளாகத் தெரியக் கூடாது என்றா? உடனே கொண்டுவரச் சொன்னாள். பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடப் பயணம்தான். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் திரும்பிப் பார்த்தேன். சின்சில்லாவை வைத்த பெட்டி பின்னிருக்கையில் மகளின் மடியில் இருந்தது.

"இஸ் ஹி கோயிங் டு டை, அம்மா?"

"இல்லைக் குஞ்சு. வயித்துக்குள்ளை காத்து."

"ஹவ் டு யு நோ?"

எனக்குத் தெரியாது.

வைத்தியர் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். குடல் ஏறக்குறைய நின்றுவிட்டது, இப்படியே விட்டால் இது தாங்காது என்றார். வேறு ஒன்றும் தின்னவில்லை என்றபடியால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லைப் போலிருக்கிறது, அதை நிறுத்திவிட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்று கணினியில் எழுதத் தொடங்கினார். என் பொய் அந்தத் திரையில் ஏறிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் இனி எல்லாம் செய்யப்போகிறார்.

வாழைப்பழம் கொடுத்தேன், மூன்று நாளும் கொடுத்தேன் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

எவ்வளவு என்று கேட்டார். முதலில் நகத்தைக் காட்டினேன். பிறகு விரலின் இரண்டாவது மூட்டுவரை காட்டினேன்.

என்னைவிட வயது குறைந்தவர். திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுதியதை அழித்துவிட்டு, அந்த இனிப்பு இதன் குடலில் புளித்துக் காற்றாகிவிடும் என்று சொல்லி, வலிக்கும் குடல் அசைவுக்கும் ஊசி போட்டார். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை உலர்புல் மாவைக் கரைத்து ஊட்ட வேண்டும், வயிற்றை மெல்ல நீவ வேண்டும், நடக்க விட வேண்டும். பூச்சி மருந்து நாளை தொடரலாம், சிரிஞ்சால் மட்டும்.

குளியலறைத் தரையில் பழைய விரிப்பைப் போட்டு அதை விட்டோம். மகள் மூடிய கொமோட்டில் ஏறி உட்கார்ந்து காவல் இருந்தாள். நான் நீவினேன். கூட நீவுகிறேனோ என்று நிறுத்தினேன், குறைந்துவிட்டதோ என்று திரும்பத் தொடங்கினேன். பழத்தின் கதையைக் கணவரிடம் சொன்னேன்.

"நீர் அதைக் கொல்லவெண்டு குடுக்கேல்லைத்தானே" என்றார். பிறகு, "எனக்கும் குளிசையை வாழைப்பழத்திலை தந்திருக்கலாம்" என்றார். சிரிக்கவில்லை நான்.

பின்னேரம் நான்கு மணியளவில் மகள் கத்தினாள்.

"அம்மா! பூ! ஹி டிட் அ பூ!"

மிளகைவிடச் சிறிய புழுக்கை, கோணலாக, ஈரமாக ஒன்று. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அரை மணித்தியாலத்தில் இன்னும் இரண்டு. கையுறையைப் போட்டு அவற்றைப் பொறுக்கிப் பையில் கட்டினேன். பூச்சி இன்னும் போகவில்லையே. விரிப்பையும் கொதிநீரில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் துவாயில் சுற்றி இறுக்கிப் பிடித்தார். வாயோரமாக, துளித்துளியாக, ஒவ்வொரு துளிக்கும் நிறுத்தி நிறுத்தி விட்டேன். சிரிஞ்ச் காலியானது.

"விழுங்கினதோ?" என்றேன்.

"ஓம்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"தொண்டை அசைஞ்சது. கண்டனான்."

துவாயை விரித்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.