வேலிக்கு இந்தப் பக்கம் சரிந்த பூ

பூ இல்லாத ஒரு பச்சைத் தண்டின் அருகே நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, பூ எவ்வளவு பெரிதாக இருந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் தங்கைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நானும் மாமியும் குசினி யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ இடங்களில் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை குனிந்த மாதிரி எங்கும் குனிந்ததில்லை.

மாமி என் கணவரின் தாயார். ஊன்ட்றொப் என்ற ஜெர்மன் ஊரின் கோயிலடியில் வாங்கிய அம்மன் படத்துக்குப் பூ வைக்காமல் காலையில் தேத்தண்ணி குடிக்கமாட்டார். சாமிக்கென்றால் யார் வீட்டு வேலியிலும் கேளாமலே பூப்பிடுங்குவது எங்கள் ஊர் வழக்கம். அதை ஒருவரும் களவென்று நினைப்பதில்லை. பெரியவரின் ஐரிஸ் பூ வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் சரிந்து நின்றது. ஆழ்ந்த ஊதா, கீழே தொங்கும் இதழில் மஞ்சள் தாடி, திராட்சைப்பழ வாசம். அந்த ஞாயிறுக்கு முன் ஒரு காலை மாமி விரிந்ததைப் பிடுங்கினார். நாளைக்கு விரியுமென்று மொட்டுகளையும் விடவில்லை.

"இஞ்சால எட்டிப் பாத்தது பிள்ளை. அம்மாளாச்சியைப் பாக்கத்தானே வந்தது?" என்றார் என்னிடம்.

அன்று மத்தியானம் பெரியவர் வேலியடியில் நின்று, பூவை நத்தை தின்றிருக்குமோ என்று எங்களிடம் ஜெர்மனில் கேட்டார். அவருடைய அம்மா நட்ட பழைய இனமாம். கிழங்கைப் பிரித்து நட்டபின் வருடக்கணக்காக இலை மட்டும்தானாம். இந்த வருடம்தான் ஒரு தண்டு. அதைப் பார்க்கவென்றே ஞாயிற்றுக்கிழமை தங்கை தூரத்திலிருந்து வருகிறாளாம். நான் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும், மாமி ஊதாச் சாயம் பிடித்திருந்த தன் விரல்களை மெல்ல வேலிக்கு மேலால் நீட்டிக் காட்டினார்.

பெரியவர் அந்த விரல்களைப் பார்த்தார். நான் அம்மன் படத்தைப் பற்றிச் சொன்னேன். "கடவுளுக்கா? அப்படியென்றால் என் அம்மா கோபிக்கமாட்டாள்" என்றார்.

மாமி என் கையைப் பிடித்தார். "ஏசச் சொல்லு பிள்ளை. ஒரு சொல்லாவது ஏசச் சொல்லு."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்கு ஆறியிருக்கும். கோடை முடிய, இஞ்சிபோல் இருந்த ஒரு கிழங்கை வேலிக்கு மேலால் தந்து, "முதுகை மண்ணால் மூடவேண்டாம், வெயில் படட்டும்" என்று மட்டும் சொன்னார். மாமி முகத்தைப் பாராமலே இரண்டு கைகளாலும் வாங்கினார். அது எங்கள் மண்ணில் பூத்தபோது அவர் தொடவில்லை. அம்மன் படத்தைச் சாமித்தட்டிலிருந்து எடுத்து, தோட்டத்தைப் பார்க்க யன்னலில் வைத்தார். "இனி நீயே பாத்துக்கொள் தாயே. பிடுங்கித் தர ஏலாது."

இப்போது மாமியும் இல்லை, பெரியவரும் இல்லை. படம் இன்னும் யன்னலில்தான் இருக்கிறது. இன்று காலை விரிந்த பூவின் இரண்டு பக்கமும், இதழில் படாமல், அன்று பெரியவர் விரித்துக் காட்டியது போலவே என் கைகளைப் பிடித்துப் பார்த்தேன். தங்கைக்கு அவர் பூவின் அளவைக் கொஞ்சமும் கூட்டிக் காட்டவில்லை.