மாப்பிள்ளை தூக்கிப்போன பெட்டி

இந்தப் பெட்டியின் கைப்பிடி என்றோ அறுந்துவிட்டது. அந்த இடத்தில் மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பை முறுக்கிக் கட்டியிருக்கிறார் என் வீட்டுக்காரர். மூடிவைத்தால் பயணம் போகிறவரின் உடுப்புப் பெட்டி, திறந்தால் பாட்டுப்பெட்டி. மெல்லிய பலகையில் றெக்சின் ஒட்டிய மலிவுச் சாமான்தான். டோர்ச் பெற்றறி போட்டால் இசைத்தட்டுச் சுற்றும். கலியாணத்துக்கு முன்னர் அக்கரைப்பற்றுக் கடையொன்றில் பழையதாக வாங்கினாராம். முதலில் கண்டபோது நான் அதை உடுப்புப் பெட்டியென்றே நினைத்தேன். நான் மட்டுமா, தெருவே அப்படித்தான் நினைத்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியில் ஆள் நுழைகிற கடப்பைத் தாண்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குத் திரும்புகிறார். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஒரு தகரப் பெட்டியோடு இதையும் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்தார். நான் தொட்டுப் பார்க்கவில்லை. தொடுவதென்ன, அவரோடு கதைக்கவே எனக்கு வாய் வரவில்லை. சோற்றுப் பீங்கானை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன். அவரைக் கூப்பிட ஒரு சொல்கூட எடுத்ததில்லை. "ஊமப் பொண்ணக் கட்டித் தந்திட்டாங்க எண்டு மாப்புள நினைக்கப்போறார்கா" என்று எனக்கு மூத்த ராத்தா என்னைக் கிள்ளுவா. அவரும் கூச்சக்காரர். என் வாப்பா கண்டிப்பானவர் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். பாட்டுச் சத்தம் கேட்டால் மாமா என்ன சொல்வாரோ என்று பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்று விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு நான் குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். "என்ட றப்பே! ஓடி வாங்ககா! மாப்புள பொட்டியத் தூக்கிட்டுப் போறார்!" பக்கத்து வீட்டு மாமியின் குரல் அது. "நான் சொன்னன்தானே!" என்று ராத்தா தலையில் கைவைத்தா. என் வாயடைப்புத்தான் அவரைத் துரத்திவிட்டது, இனி எந்த முகத்தோடு இந்த வீட்டில் இருப்பேன் என்று நினைத்தேன். பிட்டை அடுப்பிலேயே விட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்தபடி ஓடினேன். அவர் கடப்பைத் தாண்டித் தெருவில் நின்றார். அதுவரை வராத சொல் அப்போது வந்தது. "மச்சான், போகாதீங்க! இனி நான் கதைப்பன்!"

அவர் திருதிருவென்று முழித்தார். "நான் வயலுக்குத்தானே போறன்" என்றார். அதற்குள் வாப்பாவும் வந்துவிட்டார். "என்ன மருமகன், இங்க உங்களுக்கு என்ன கொற? வயலுக்குப் போறவருக்குப் பொட்டி எதுக்கு?" அவர் வேலியோரம் கவிழ்ந்து கிடந்த பழைய உரலின் மேல் பெட்டியை வைத்துத் திறந்தார். உள்ளே உடுப்பில்லை; கறுப்புத் தட்டொன்று மினுங்கியது. "நாவிதன்வெளி வயல் வாடிக்குடிசையில காவலுக்கு இருக்கக்குள்ள கேக்கிறது மாமா. இங்க போட்டா நீங்க ஏசுவீங்களோ எண்டு..."

வாப்பா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "போடுங்க பாப்பம்" என்றார். ஊசியை வைத்ததும் பாட்டு எழும்பியது. எழும்பிய கையோடு ஒரு சொல்லில் சிக்கி, அதையே திரும்பத் திரும்பப் பாடியது. "இதுக்கும் என்ட மகள்ட கூச்சம்தான். ஒரு சொல்லுக்கு மேல வருதில்ல" என்றார் வாப்பா. தெரு சிரித்தது. நானும் முந்தானைக்குள் சிரித்தேன். அவர் சதக்குற்றிக் காசொன்றை எடுத்து ஊசிக்கையின் தலையில் பாரம் வைக்க, பாட்டு தடையில்லாமல் ஓடியது. குசினியிலிருந்து பிட்டு தீய்ந்த மணம் வந்தும் ஒருவரும் அசையவில்லை.

அதற்குப் பிறகு பெட்டி வயலுக்குப் போகவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் வாப்பாவே, "மருமகன், பொட்டியத் திறங்க" என்பார். சொன்னபடி நானும் கதைக்கத் தொடங்கினேன். "பொட்டிக்குப் பெற்றறி முடியும், உனக்கு முடியாது" என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார். மற்றவர்களுக்கு முன்னால் நான் இப்போதும் வாய் திறப்பது குறைவு. அவரோடு மட்டும்தான் இந்தக் கொட்டம்.

ஒலுவில் கம்பஸில் படிக்கிற எங்கள் பேத்தி, இதே மாதிரி நீல நிறப் பெட்டியொன்றைப் போனிலேயே ஓடர் போட்டு எடுத்துத் தந்தாள். நன்றாகத்தான் பாடுகிறது. ஆனால் அவருக்குப் பழையதுதான் வேண்டும். ஊசி தேய்ந்துவிட்டதென்று, போன கிழமை தங்கூசிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அக்கரைப்பற்றுக்குக் கிளம்பினார். கடப்பு இருந்த இடத்தில் இப்போது இரும்புக் கேற். அன்று சத்தம்போட்ட மாமி மௌத்தாகிப் போய்ச்சேர்ந்துவிட்டா. அவவின் மகள் அந்தக் குறை வைக்கவில்லை. "ராத்தா, ஓடி வாங்க! இந்த வயசில மச்சான் பொட்டியத் தூக்கிட்டார்!"

நான் ஓடவில்லை, மெல்ல நடந்துதான் போனேன். கேற்றைப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன். "மச்சான்! பெற்றறியும் வாங்கிட்டு வாங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். "பொட்டிக்கு மட்டும்தானே?"