கொடியேற்றத்துக்கு முதல் நாள் வந்த தொட்டி லாரி

வாடகைக்கு வீடு விடுகிற தொழிலில் மேலே ஒழுகினால் குடித்தனக்காரர் மட்டும்தான் கத்துவார். கீழே பொங்கினால் தெருவே கத்தும். குடித்தனம் வைத்துப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போகிறேன்? மண்டியில் மூட்டை தூக்கி, பிறகு மூட்டை வாங்கி விற்று, செங்கம் ரோட்டில் முன்னால் எனக்கு ஒரு வீடும் பின்னால் ஐந்து போர்ஷனும் கட்டியவன் நான். எழுத்துக் கற்றதே மண்டிச் சிட்டையில்தான். பேரம் மட்டும் யாரும் கற்றுத் தரவில்லை, அடிபட்டு வந்தது.

ஆறுக்கு நாலு

எழுபதுகளில் வீடு எழும்பிக்கொண்டிருந்தபோது, செப்டிக் டேங்க் பத்தடிக்கு ஆறடி வேண்டும் என்றார் மேஸ்திரி. "என்னய்யா, குளம் வெட்டறியா? தெப்பம் விடப் போறியா?" என்று எகிறினேன். எட்டுக்கு ஐந்து என்று இறங்கி வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தேன். கடைசியில் ஆறுக்கு நாலில் படிந்தது. செங்கல் மிச்சம், சிமென்ட் மிச்சம், குழி வெட்டும் கூலி மிச்சம். மேஸ்திரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:

"எங்கிட்ட பேரம் பேசிட்டீங்க மொதலாளி. உள்ள வர்றதுங்கிட்ட எப்படிப் பேசுவீங்க?"

நின்று யோசிக்கும் தண்ணீர்

எண்பதுகளில் ஒரு கார்த்திகை. என் மகள் மல்லிகாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் ஒரு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பதினாலு பேர் தீபத்துக்கு வந்து, காலியாகக் கிடந்த ஐந்தாம் போர்ஷனில் மூன்று நாள் தங்கி, மலையில் தீபம் பார்த்த கையோடு கல்யாணத் தேதி வைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் வந்த வரனைக் கெடுத்தது சாட்சாத் நான்தான். மேளக்காரருக்கு யார் கொடுப்பது என்ற பேச்சில் நான் போட்ட சத்தத்துக்கு, அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். இதுவும் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கோயிலில் கொடியேற நாலு நாள் இருக்கும்போது முதல் போர்ஷன் வாத்தியார் வந்து நின்றார். "கக்கூஸ்ல தண்ணி ஊத்தினா போக மாட்டேங்குதுங்க. நின்னு யோசிக்குது." மற்ற மூன்று போர்ஷனிலும் அதே கதை. "நாலு குடும்பமும் சேர்ந்து என்னாத்தைய்யா தின்றீங்க?" என்று நான் கூரை அதிரக் கத்தினேன். மல்லிகா உள்ளேயிருந்து வந்து நிதானமாகச் சொன்னாள்:

"தொட்டிக்கு லாரி வரும்பா. உங்க வாய்க்கு என்னா வரும்?"

நோட்டு வைத்திருந்த அம்மா

செப்டிக் டேங்க் உறிஞ்சுகிற தொட்டி லாரி ஊருக்கு அப்போது ஒன்றே ஒன்று. வேங்கிக்கால் பக்கம் நிற்கும். ஓட்டுவது முனுசாமி, முறை வைத்து நோட்டில் எழுதுவது அவர் மனைவி தனம். தீபம் என்றால் நம் ஊரில் எந்த வீட்டில்தான் சொந்தக்காரர்கள் வந்து இறங்க மாட்டார்கள்? அதனால் முந்தின வாரம் அந்த நோட்டில் இடம் பிடிப்பது தரிசன வரிசையைவிடப் பெரிய பாடு. போதாததற்கு அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு வேறு. கொடி ஏறிவிட்டால் தீபம் முடிகிறவரை மலை சுற்றுகிற ரோட்டில் அந்த லாரி வராது. சாமி காசு கொடுத்தாலும் வராது. என் வீடு அந்த ரோட்டில்தான்.

வழக்கம்போல் சொன்ன தொகையில் பாதியிலிருந்து ஆரம்பித்தேன். அந்தம்மா முகம் சுளிக்காமல் தலையாட்டியது. இவ்வளவு சுலபமா என்று பூரித்துப்போய் நோட்டை எட்டிப் பார்த்தால், என் பேர் தீபத்துக்கு மூன்று நாள் கழித்து ஏறியிருக்கிறது! மேஜையைத் தட்டினேன். 'நான் யார் தெரியுமா' வரைக்கும் போனேன். அந்தம்மா பேனாவைக்கூட மூடவில்லை.

"கத்தாதீங்கண்ணே. கம்மி ரேட்டுன்னா தீபம் முடிஞ்சி வர்றோம். சொன்ன ரேட்டுன்னா கொடியேத்தத்துக்கு மொத நாள் வர்றோம். உங்க சவுகரியம்."

மூடி எங்கே?

சொன்ன ரேட்டுக்கே லாரி வந்தது. முனுசாமி குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மூடி எங்கே என்றார். கட்டியவன் நான், எனக்கே தெரியவில்லை. நடுவில் ஒரு வருஷம் சிமென்ட் மலிவாகக் கிடைத்ததென்று பின்பக்கம் முழுக்கத் தளம் போட்டிருந்தேன். கிணற்றோரம் என்றார் வாத்தியார். முருங்கை அடியில் என்றேன் நான். முனுசாமி எங்கள் இருவரையும் நம்பவில்லை. கடப்பாரையால் தளத்தைத் தட்டித் தட்டி, டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல் காது கொடுத்துக்கொண்டே போய், எல்லாக் குடித்தனமும் துணி துவைக்கிற கல்லருகே நின்றார். "இங்கதாங்க. டொம்முனு கேக்குது."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. துவைக்கிற கல்லுக்குத் தனியாக மேடை கட்டினால் செலவென்று, ஏற்கெனவே மேடாக இருந்த மூடியின் மேலேயே பதிக்கச் சொன்ன புத்திசாலி நான்தான். பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அருவருப்பா சிரிப்பா, தெரியவில்லை. இரண்டாம் போர்ஷன் சரோஜாதான் வாயைத் திறந்தாள்:

"ஏழு வருஷமா எது தலைமேல நின்னு தொவச்சிருக்கோம்னு இப்பத்தான் தெரியுது ஓனர். அதான் எங்க வூட்டுக்காரரு வேட்டி வெளுக்கவே மாட்டேங்குது!"

குழாய்தான் இறங்கும்

கல்லைப் பெயர்த்து மூடியைத் திறந்து குழாயை விட்டதும், மேலாக இருந்த தண்ணீர் சரசரவென்று போய்விட்டது. அடியில் கெட்டிப்பட்டது அசையவில்லை. குழாய் கொர் கொர் என்று காற்றை இழுத்தது. மறுநாள் காலை கொடி. "ஒரு ஆளை உள்ள எறக்கி வாளியில அள்ளச் சொல்லுப்பா, தனியா தர்றேன்" என்றேன். முனுசாமி பம்பை நிறுத்தினார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம். அவருடைய அண்ணன் இப்படித்தான் ஒரு வீட்டில் அவசரத்துக்கு இறங்கினாராம்; ஏறி வரவில்லையாம். அதற்குப் பிறகுதான் இவர் இந்த லாரியை வாங்கினாராம். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று தரையைப் பார்த்தேன். அவரே என் சங்கடத்தைப் பார்த்து, குழாயைக் கையில் எடுத்தார்.

"நம்ம வண்டியில கொழாதான் எறங்கும், ஆளு எறங்க மாட்டான். ரொம்ப அவசரம்னா நீங்க எறங்குங்க சார், நான் கொழா புடிக்கிறேன்."

கொம்பும் சம்பந்தியும்

தண்ணீர் ஊற்றி, எட்ட நின்று நீளக் கொம்பால் கலக்கி, இளகினதை இழுப்பதுதான் வழி. கிணற்றிலிருந்து குடம் கைமாறி வந்தது: வாத்தியார், சரோஜா, மல்லிகா. சவுக்குக் கொம்பு என் கையில். "கொம்புகிட்ட பேரம் பேசாதீங்க ஓனர், கலக்குங்க!" என்றாள் சரோஜா. முனுசாமியே சிரித்துவிட்டார். கோபப்படப் பார்த்தேன், எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசலில் வந்து நின்றவர் மாப்பிள்ளையின் அப்பா. மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை போட்டுவிட்டு, அப்படியே எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். நான் மடித்துக் கட்டிய லுங்கியோடு, மேலெல்லாம் தெறித்து, கையில் கொம்போடு நிற்கிறேன். மல்லிகா குடத்தோடு கல்லாகிவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரக் கூடாதா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. வார்த்தை பல்வரை வந்தது. மகள் என்னைப் பார்த்தாள். விழுங்கினேன். நல்ல மருந்தைவிடக் கசப்பு.

அவரோ மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு லாரியைச் சுற்றி வந்தார். "இதை எங்கப்பா கொண்டுபோய் கொட்டுவே?" முனுசாமி, இடம் தேடித்தான் போகவேண்டும் என்றார். "எங்க கொல்லையில கொட்டு. மல்லாட்டை புடுங்கி சும்மாத்தான் கெடக்குது. டீசலுக்குப் பாதி நான் தர்றேன்." முனுசாமி முழுசு என்றார். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்படுவதுபோல் நாலடி நடந்தார். திரும்பினார். மறுபடி நடந்தார். அரை மணி நேரம். பம்பு ஓடுகிறது, நான் கலக்குகிறேன், வாயைத் திறக்காமல் அந்த அழகைப் பார்க்கிறேன். முக்காலில் படிந்தது. மறுபடி துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். அதுவரை 'என்னாங்க' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர்.

"ஜாதகம் பாத்தாச்சு, பொண்ணு பாத்தாச்சு, தொட்டி உள்பக்கமும் பாத்தாச்சு. இனிமே பாக்கறதுக்கு என்னா இருக்குது சம்பந்தி? தையில தேதி வெச்சிக்கலாம். தீபத்துக்குச் சாப்பிட மட்டும் வர்றோம், பதினாலு பேரும்."

பேரம் பேசிப் பேசியே மேலே வந்தவன் நான், ஆனால் என் வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம் படிந்தது, மற்றவர்கள் மூக்கை மூடிக்கொள்ள நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஒரு மத்தியானத்தில்தான்.