குக்கர் ஜப்தி

ஜெயசீலனுக்குக் கம்பெனி கொடுத்த பட்டம் 'ரிகவரி இன்சார்ஜ்'. பார்த்த வேலை என்னவோ டிரைவர்கள் கழுத்தில் துண்டைப் போட்டு வசூலிப்பது.

ராக்கப்பன் வளைகுடாவில், மனாமா நகரத்தில் பதினாலு வருஷமாகத் தண்ணீர் கேன் வேன் ஓட்டுகிறவர். குதைபியா சந்துகளில் வண்டி நிறுத்த இடம் ஏது? கேனைத் தோளில் வைத்து நாலு மாடி ஏறி இறங்குவதற்குள் ஃபைன் விழுந்துவிடும். "வாசல்லயே போடுங்கண்ணே, அஞ்சு நிமிஷம், எவன் வரப்போறான்?" என்று போனில் விரட்டியது சாட்சாத் இந்த ஜெயசீலன்தான். ஃபைன் வந்ததும் அதே வாய், "வண்டி ஓட்டினது யாரு?" என்று கேட்டது. வெட்கங்கெட்ட வாய்!

இப்படிப் பதினோரு ஃபைன். ஆவணியில் மகள் பானுப்பிரியாவுக்குக் கல்யாணம். ராக்கப்பனின் லீவு பாரமோ ஜெயசீலன் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"மொத்தமாக் கட்டுங்க, அப்புறம் லீவப் பத்திப் பேசுவோம்."

"நீ சொல்லித்தானே தம்பி நிறுத்துனேன்? பாதியையாவது கம்பெனி கட்டட்டும்."

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் ஜெயசீலன் ரூமுக்கே வந்துவிட்டான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான், பெட்டியை உதைத்துப் பார்த்தான். பிடுங்கிக்கொண்டு போக ஒன்றும் தேறவில்லை. கடைசியில் ராக்கப்பன் காசில் வாங்கிய பெரிய ரைஸ் குக்கரைத் தூக்கினான். "காசக் கட்டிட்டு வந்து வாங்கிக்கங்க!" என்று ஏதோ கோட்டையைப் பிடித்தவன்போல் மாடியிலிருந்த தன் அறைக்கு எடுத்துப் போனான். சோறாக்குகிற பாத்திரத்தை ஜப்தி செய்கிறவனெல்லாம் ஒரு மனுஷனா?

அந்த வீறாப்பில் துரை ஒன்றை மறந்துவிட்டார். அந்தக் குக்கரில் பொங்கித்தான் ரூம் மெஸ்ஸில் எட்டுப் பேர் சாப்பாடு. எட்டாவது ஆள் அவரேதான்.

மதியம் ஒரு மணிக்கு வழக்கம்போலத் தட்டோடு வந்து உட்கார்ந்தான். மற்ற ஆறு பேரும் கடையில் வாங்கிய குபூஸ் ரொட்டியைப் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அன்று சமையல் முறை ராக்கப்பனுடையது. எழுந்து போய், ஒரு டம்ளர் அரிசியை அளந்து அப்படியே அவன் தட்டில் கொட்டினார்.

"என்னண்ணே இது?"

"ஒங்க பங்கு சார். குக்கர் ஒங்ககிட்டதான இருக்கு, வேக வச்சுக்கங்க."

ரூமில் அவனை 'தம்பி' என்றே கூப்பிட்டுப் பழகியவர் 'சார்' என்றதும் ஆறு பேரும் குபீரென்று சிரித்துவிட்டார்கள். ஜெயசீலனின் முகம் கறுத்தது.

"லீவு பாரம் என் டேபிள்லதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

ராக்கப்பனுக்கு மகளின் முகம் கண்ணில் வந்து நின்றது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"அதையும் சேத்து வேக வச்சுத் தின்னுங்க சார்."

மெஸ் கணக்குப் பார்க்கிற விஜயபாஸ்கர் ஏப்பம் விட்டபடி சொன்னார்: "இன்னையோட மெஸ்ல ஒன் பேர் கலாஸ். போ."

சேதி சாயங்காலத்துக்குள் குதைபியா முழுக்கப் பரவிவிட்டது. குக்கர் தூக்கிக்கு எந்த மெஸ்ஸிலும் இடமில்லை. ஓட்டலில் தின்னலாம்தான், ஆனால் கஞ்சப்பயலுக்குக் கை வரவேண்டுமே! நாலு நாள் காய்ந்த குபூஸும் டின் மீனும் தின்றான். ஐந்தாம் நாள் காலையில் ராக்கப்பன் கதவைத் திறந்தால் வாசலில் குக்கர் இருந்தது. மூடிக்கு அடியில் கையெழுத்துப் போட்ட லீவு பாரம்.

ஃபைனைச் சம்பளத்தில் பிடித்தார்களா? பிடிக்காமல் விடுவார்களா, பாதியைப் பிடித்தார்கள். ராக்கப்பன் ஊருக்குப் போய் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். வந்த அன்றே ஜெயசீலன் இளித்துக்கொண்டு ரூம் வாசலில் நின்றான்.

"அண்ணே, மெஸ்ல மறுபடி..."

"மாஃபி சார், எடமே இல்ல" என்று ராக்கப்பன் குக்கரை மூடினார்.