செல்வம் தண்ணீர் கொண்டுவந்த வீடு

போர்வெல் லாரி, சாயப்பட்டறை, கோட்டைப்பட்டினத்தில் ஐஸ் உடைக்கிற வேலை என்று ஊர் ஊராகச் சுற்றியவன் நான். படிப்பு எட்டாவதோடு சரி. மாற்றுத்திறனாளிகளுக்கான சங்கமொன்றில் களப்பணியாளராகச் சேர்ந்தபோது, இங்கேயும் நிலைக்கமாட்டேன் என்றுதான் நினைத்தேன். முதல் நாளே நார்த்தாமலைப் பக்கம் ஒரு கருமாதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இறந்தது செல்வத்தின் அம்மா. அப்பா முன்பே இல்லை. செல்வத்துக்கு நாற்பது வயது இருக்கும், மனவளர்ச்சி குன்றியவர். மாட்டைக் கவனிப்பார், தானே குளிப்பார். ரூபாய் நோட்டில் எது பெரியது என்று தெரியாது. அவர் பங்குக்கு ஒரு வயல் இருந்தது.

எங்கள் பக்கம் கருமாதியன்று மகன் தலையில் துண்டால் உருமா கட்டுவார்கள். இனி வீட்டுக்கு இவன்தான் பொறுப்பு என்று ஊரறியச் சொல்வது அது. அன்று சித்தப்பா கருப்பையா செல்வத்தை ஒதுக்கிவிட்டுத் தன் மகனை உட்காரவைத்தார்.

"இவனுக்குக் கட்டி என்ன ஆகப்போவுது? அவுத்து மாட்டுக்குப் போட்ருவான்" என்றார். கூட்டம் சிரித்தது. செல்வமும் சேர்ந்து சிரித்தார்.

உள்ளூரிலேயே வாக்கப்பட்டு, சித்தப்பா வீட்டுக்கு எதிரில் குடியிருக்கும் செல்வத்தின் அக்கா மலர்க்கொடி எழுந்தார். "தம்பிய நான் பாத்துக்கிறேன். உருமாவ அவனுக்குக் கட்டுங்க."

"கட்டிக்குடுத்த புள்ளைக்கு இங்க என்ன பேச்சு? அவன ஏதாச்சும் ஹோம்ல விட்டுக்கிறோம்."

"கட்டிக்குடுத்துட்டா கூடப் பொறக்கலன்னு ஆயிருமா சித்தப்பா?"

சங்கத்தில் சொல்லி அனுப்பியிருந்ததை நான் மலர்க்கொடியிடம் சொன்னேன்: "உருமா போனாப் போகுதுக்கா. இப்படி இருக்கவங்களுக்குக் கார்டியன் யாருன்னு கலெக்டர் தலைமையில ஒரு கமிட்டி இருக்கு, அதுதான் முடிவு பண்ணும். மனு குடுங்க."

கொடுத்தார். கேள்விப்பட்டுக் கருப்பையாவும் கொடுத்தார். விசாரணைக்கு முந்தின நாள், அதுவரை அக்கா வீட்டிலிருந்த செல்வத்தைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார்.

கமிட்டியிலிருந்து ஒரு மேடம் வந்தார். புது வேட்டி கட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார் செல்வம்.

"அம்மா போனதுலேர்ந்து இங்கதாங்க இருக்கான்" என்றார் கருப்பையா.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்ததும் செல்வம் எழுந்தார். யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தார். சித்தப்பா வீட்டு அடுப்படிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. தெருவில் இறங்கி நடந்தார்.

"டேய், எங்கடா போற? இங்கிட்டு வாடா!"

செல்வம் எதிர்வீட்டுக்குள் போய், ஒரு சொம்பு தண்ணீரோடு தளும்பத் தளும்பத் திரும்பி வந்தார். மேடம் வாங்கிக் குடித்தார்.

"ஏங்க, ஒங்க வீட்ல தண்ணி எங்க இருக்குன்னு இவருக்குத் தெரியாதா?"

"மூளை சரியில்லாதவன்ங்க, அவனுக்கு என்ன தெரியும்?"

எதிர்வாசலிலிருந்து மலர்க்கொடி சொன்னார்: "சோறு எங்க கெடைக்கும்னு தெரியும் சித்தப்பா."

கார்டியன் ஆனது மலர்க்கொடி. அரசு உதவித்தொகை செல்வத்தின் கணக்குக்கே வருகிறது. வயலின் வரவுசெலவுக்கு மலர்க்கொடியும் கமிட்டிக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும், அதுவும் சரிதான்.

நான் இந்த வேலையிலேயே நின்றுவிட்டேன். "எங்களுக்கு அப்புறம் இவன யாரு பாப்பா?" என்று அழும் பெற்றோருக்கு நான் ஆறுதல் சொல்வதில்லை. உயிரோடு இருக்கும்போதே யாரென்று முடிவுசெய்து மனு கொடுங்கள் என்கிறேன். புதிதாக வரும் களப்பணியாளர்களே, உறவுக்காரர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் கார்டியன் தேவைப்படுகிறவரின் கால் எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு அறிக்கை எழுதுங்கள்.

அம்மாவின் முதல் திவசத்தன்று மலர்க்கொடி தன் கையாலேயே தம்பிக்கு உருமா கட்டினார். "பொம்பள கட்டுறதாடி?" என்று கருப்பையா கத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

பொழுது சாய்ந்து மாட்டைப் பிடித்துக் கட்டும்போதும் செல்வம் உருமாவை அவிழ்க்கவில்லை.